பழைய நகர வீடு: கைபடாததா, பூசி மெழுகியதா, முடித்து வைத்ததா?

நகரத்தின் பழைய தெருவில், இருபுறமும் அண்டை வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும் நூறு, நூற்றைம்பது ஆண்டு வீட்டை வாங்கிப் புதுப்பிக்க இறங்கினால், விலைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக யாரும் கைவைக்காமல் ஓதமும் ஒழுக்குமாகக் கிடக்கும் வீடு முதல் வகை. விற்பதற்கென்றே சில மாதங்களுக்குள் பூச்சு, பெயிண்ட், புதுக் குளியலறை, பொய்க்கூரை எல்லாம் போட்டுப் பளபளப்பாக்கிய வீடு இரண்டாவது. பழைய கட்டடம் தெரிந்தவர்கள் முறையாகப் பழுதுபார்த்து, என்னென்ன செய்தார்கள் என்ற பதிவோடு விற்பனைக்கு வரும் வீடு மூன்றாவது. தெருமுகப்பை மட்டும் நிறுத்திவைத்து உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிய நான்காவது வகையும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

வாங்க வருபவர்களில் பலர் இரண்டாவதில் போய் நிற்கிறார்கள். விலை நடுத்தரம், சாவி வாங்கிய அன்றே குடியேறலாம், மிச்ச வேலையை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. நாங்கள் கடைசி இடம் கொடுப்பது அதற்குத்தான். கூரை தாங்கும் நிலையில் இருந்தால் கைபடாத வீடு முதலிடம். அவகாசமோ கையிருப்போ இல்லாதவருக்கு முடித்து வைத்த வீடு. இந்த வரிசைக்குக் காரணம், சுவருக்குள் போகும் தண்ணீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்ற ஒரே கேள்வி.

சுவர் என்ன செய்கிறது

இன்றைய சுவர் தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கப் பார்க்கும். பழைய சுவர் ஈரத்தைக் குடிக்கும். காற்றும் வெயிலும் பட்டதும் விட்டுவிடும். செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு மூன்றும் நுண்துளை நிறைந்தவை. இதில் சாந்து எப்போதும் செங்கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும். கட்டடம் சிறிது அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும். ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறும். தேய்வது சாந்து, அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்துக்கொள்ளலாம். செங்கல் தேய்ந்தால் அப்படிச் செய்ய முடியாது.

இங்கிலாந்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் இன்றைய சிமெண்டின் முன்னோடியான போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். ஆனாலும் சுண்ணாம்பு 20-ஆம் நூற்றாண்டுக்குள்ளும் புழக்கத்தில் இருந்தது. அதனால் கட்டிய ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் சாந்தையே பாருங்கள். இரண்டு செங்கல்லுக்கு இடையில் சாவி நுனியால் கீறினால் சுண்ணாம்புச் சாந்து பொடியாக உதிரும். நடுநடுவே சரியாகக் கரையாத சுண்ணாம்புக் கட்டிகள் கடுகளவில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். சிமெண்டு மசியாது, சாவியின் உலோகம்தான் சாம்பல் கோடாக அதன்மேல் ஒட்டும்.

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசினால் நடப்பது இது. பூச்சில் மயிரிழை விரிசல் விழும். மழை அதன் வழியே உள்ளே போகும். அகலமாக ஆவியாகி வெளியேற வழி இருக்காது. ஈரத்தில் கரைந்த உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னாலேயே படிகமாகிப் பருக்கும், முகம் சில்லுச் சில்லாகப் பெயரும். அதைவிடக் கேடு, சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர நுனிகள் ஆண்டு முழுக்க ஈரத்தில் ஊறுவது. வெளியே பூச்சு நன்றாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

பூசி மெழுகிய வீடு

கீழ்த்தளச் சுவரில் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் பூச்சு மாறியிருந்தால், அங்கே ஓதம் இருந்து அதை மூடியிருக்கிறார்கள். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு அடைத்த தடம் இருந்தால் ரசாயனம் செலுத்தியிருக்கிறார்கள். வெளித்தரை உயர்ந்ததால் வரும் ஈரத்தையோ, ஒழுகும் குழாயால் வரும் ஈரத்தையோ அந்த ரசாயனம் நிறுத்தாது. ஓதத்துக்குக் காரணம் பல வீடுகளில் இந்த இரண்டும்தான். வெளித்தரை உள்தரைக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். சாலைமேல் சாலையாகப் போட்டு உயர்த்திய தெருக்களில் இந்த இடைவெளி என்றோ போயிருக்கும். ஒரு மண்வெட்டியும் கூலியும் போதும் என்ற வேலையை விட்டுவிட்டு ரசாயனத்துக்குச் செலவு செய்திருப்பார்கள்.

சுவரை விரல் முட்டியால் அடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே நடங்கள். ஒட்டியிருக்கும் பூச்சு இறுகிய ஒலி தரும். விலகிய பூச்சு வெறுங்குடம்போல ஒலிக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் அங்கங்கே பொள்ளல் ஒலி வருவது சகஜம், அதற்காகப் பின்வாங்க வேண்டாம். சுவர் முழுக்க ஒரே சீரான பொள்ளல் ஒலி என்றால் ஜிப்சம் பலகையை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் இருப்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு: விற்பவரின் அனுமதியோடு மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு பிளக் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். வெட்டிய ஓரத்தில் பெயிண்ட், பட்டி, சிமெண்டு, அதற்கடியில் பழைய சுண்ணாம்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு சாண் இடத்தில் அந்த வீட்டில் நடந்த மராமத்து அத்தனையும் படிக்கலாம்.

தரையையும் விடக்கூடாது. பழைய கல்தளத்தையோ பலகைத் தரையையோ எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கான்கிரீட் போட்டிருந்தால், அதுவரை தரை வழியாகக் கசிந்து ஆவியான ஈரம் ஓரத்துக்குத் தள்ளப்படும். அங்கிருந்து சுவரில் ஏறும். ஓரப் பலகையின் மேல்விளிம்பில் உப்புப் பூத்திருக்கிறதா, பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பெரிய ஆபத்து வரவேற்பறையில் இருக்கும். குறுகிய வரிசை வீட்டில் நடுச்சுவர் அறையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை. மேல்தள உத்திரங்களைத் தாங்கும், முன்சுவரையும் பின்சுவரையும் நிமிர்த்திப் பிடிக்கும். அகலமான கூடம் வேண்டுமென்று அதை இடித்தவர், மேலே இரும்பு விட்டம் வைத்தாரா, அதன் இரு முனைகளும் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன, கணக்குப் போட்ட பொறியாளரின் தாள் எங்கே? புகைபோக்கி உள்ள வீடுகளில் இன்னொன்று: மேல்மாடியில் புகைபோக்கியின் புடைப்பு இருந்து, கீழ்த்தளத்தில் அது காணாமல் போயிருந்தால், பல டன் செங்கல் அந்தரத்தில் நிற்கிறது என்று பொருள். எது தாங்குகிறது என்று கண்ணால் பார்க்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இத்தனையையும் திருத்த முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒரே வேலைக்கு மூன்று முறை செலவு. புதுப்பூச்சுக்கும் புதுத்தரைக்கும் வீட்டின் விலையிலேயே காசு கொடுத்துவிட்டீர்கள். பிறகு அதைப் பெயர்த்தெடுக்கக் கூலி. சிமெண்டைப் பெயர்க்கும்போது பழைய செங்கல்லின் முகமும் கூடவே வரும். அதன்பின் சுவர் காய வேண்டும். ஈரம் ஊறிய சுவர் 25 மி.மீ. தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும் என்பது அனுபவக் கணக்கு. ஒன்றரைச் செங்கல் தடிப்பு, அதாவது 340 மி.மீ. சுவர், ஓராண்டுக்கு மேல் எடுக்கும். அதுவரை பூச முடியாது.

சட்டச் சிக்கலும் இந்த வகையில்தான் அதிகம். இங்கிலாந்தில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தின் உட்புறமும் பாதுகாப்புக்குள் வரும். அனுமதியின்றி மாற்றுவது அங்கே குற்றம். முந்தைய உரிமையாளர் செய்ததைப் பழையபடி ஆக்கச் சொல்லும் உத்தரவு இன்றைய உரிமையாளருக்கு வரலாம். அதற்குக் காலவரம்பும் கிடையாது. நியூயார்க்கில் பாரம்பரியக் கட்டடங்களுக்காக 1965-இல் வந்த சட்டத்தின் கீழ் பாதுகாப்பு பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்குத்தான். அனுமதியின்றி மாற்றிய சன்னல் பற்றிய புகார் அங்கேயும் வீட்டோடு சேர்ந்து புது உரிமையாளரிடம் வந்துவிடும். எந்த ஊரானாலும் வீட்டின் பாதுகாப்புத் தரம் என்ன, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதித் தாள் உண்டா என்ற இரண்டையும் பத்திரம் பார்க்கும் வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கைபடாத வீடு

இங்கே பயமுறுத்துபவை வேறு, பணம் தின்பவை வேறு. உரிந்த பெயிண்ட், இடிந்த சமையலறை, மஞ்சளித்த சுவர், கறைபிடித்த தளம் எல்லாம் பார்க்கத்தான் பயங்கரம். வயரிங் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்; ரப்பர் உறையிட்ட பழைய கம்பியைத் தொட்டாலே உறை பொடியாகும். குழாய்களும் அப்படியே. சாம்பல் நிறக் குழாயைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளிபோலப் பளிச்சிட்டு, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயம், குடிநீருக்கு ஆகாது. பழைய பெயிண்டிலும் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, உலர்வாகத் தேய்க்காமல், குழந்தைகள் இருக்கும்போது தொடாமல் வேலை செய்ய வேண்டும். இவை எல்லாம் செலவுதான், ஆனால் கொட்டேஷன் வாங்கிவிடக்கூடிய செலவு. தொகை முன்பே தெரியும்.

பணம் தின்பவை நான்கு: கூரையிலிருந்து நீர் இறங்கும் வழி, உத்திர நுனி, முன்சுவர், அடித்தளம்.

60 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 3,000 லிட்டர். இலை அடைத்த ஒரே ஒரு நீர்த்தாரை (கூரை ஓரத்து மழைநீர் வாய்க்கால்) அத்தனையையும் ஒரே மூலையில் சுவருக்குள் இறக்கிவிடும். இரு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளம், கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் தாரை, அண்டை வீட்டுச் சுவரில் கூரை முட்டும் கோடு, இந்த மூன்றையும் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். மழை நாளில் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

மேலே பழுது கண்ட இடத்துக்கு நேர் கீழே உத்திர நுனியைச் சோதியுங்கள். குத்தூசியைச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தினால், நல்ல மரத்தில் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். மக்கிய மரத்தில் விரல் நீளத்துக்கு எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மக்கும் பூஞ்சை வளராது. அதற்கு மேலே நிலையாக இருந்தால் ஈரத்தின் வழியைத் தேட வேண்டும். நுனி போனதென்றால் உத்திரம் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கீழே முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை நல்ல மரம் வரை அறுத்து, அதே வகை மரத்தைப் பொருத்திப் போல்ட் போடலாம், அல்லது இருபுறமும் இரும்புத் தகடு வைத்து இணைக்கலாம். சுவர்க்குழிக்குள் நுனியைச் சுற்றி 25 மி.மீ. காற்றிடைவெளி விடவேண்டும், அதை அடைத்துவிட்டால் பழைய கதைதான்.

செர்புலா லாக்ரிமான்ஸ் என்ற பூஞ்சையை மட்டும் சாதாரண மக்கலோடு சேர்க்கக்கூடாது. இமயமலைக் காடுகளில் இயற்கையாக வளரும் இது குளிர்நாட்டு வீடுகளின் பெரிய எதிரி. இதன் இழைகள் செங்கல், சாந்து வழியாக ஊர்ந்து அடுத்த அறை மரத்துக்குப் போகும். மரம் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக வெடித்திருந்து, செந்துரு நிறத்தில் பொடி படிந்திருந்தால் நிபுணர் அறிக்கை இல்லாமல் மேலே போக வேண்டாம்.

விரிசலுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. வரை உள்ளவை பெரும்பாலும் பூச்சு வேலையோடும் சாந்து அடைப்போடும் முடியும். 5 முதல் 15 வரை என்றால் காரணம் தெரிய வேண்டும். கதவு சன்னல் இறுகத் தொடங்கியிருக்கும். 15-க்கு மேல் போனால் கட்டுமானப் பொறியாளர் இல்லாமல் விலை பேசக்கூடாது. அகலத்தைவிட முக்கியம், விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. உள்ளே தூசியும் பழைய பெயிண்டும் படிந்திருந்தால் அது என்றோ நின்றது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருந்தால் புதியது. வாங்கியபின் அளவுகோல் ஒட்டி மழை, வெயில் இரண்டும் வந்துபோகும் வரை, ஓராண்டு கவனித்தால்தான் சரியான பதில் கிடைக்கும்.

முன்சுவரும் அடித்தளமும் ஊருக்கு ஊர் வேறுபடும். லண்டனில் 18-ஆம் நூற்றாண்டு வீடுகளின் முன்சுவரில், வெளிப்புறம் நேர்த்தியான செங்கல், உள்ளே மலிவான செங்கல். இரண்டையும் இணைக்க வேண்டிய குறுக்குச் செங்கற்களைப் பல இடங்களில் பாதியாக உடைத்து ஒப்புக்கு வைத்திருப்பார்கள். சுவருக்குள் நீளவாக்கில் மரமும் புதைத்திருப்பார்கள். மரம் மக்கினால் வெளிப்படலம் தெருப்பக்கம் தொப்பை போடும். துருப்பிடிக்காத இரும்புக் கம்பிகளால் தைத்து நிறுத்தலாம். நியூயார்க்கின் பழுப்புக்கல் வீடுகளில் அந்தக் கல், செங்கல் சுவர்மேல் ஒட்டிய மேலுறை மட்டுமே. கல்லின் அடுக்குகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்திருப்பதால் புத்தகத்தின் தாள்போல உரியும். ஆம்ஸ்டர்டாமில் பழைய வீடுகள் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அவை நூற்றாண்டுகள் தாங்கும். நீர்மட்டம் இறங்கித் தலைப்பகுதி காற்றுப்பட்டால் மக்கும். அங்கே வாங்குபவர் அடித்தள ஆய்வறிக்கையைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

முடித்து வைத்த வீடு

விலை அதிகம், ஆனால் அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட முடிந்தால் பெரும்பாலும் தகும். காட்டவேண்டியது தாளும் படமும்: சுவரைத் திறந்தபோதும் தரையை எடுத்தபோதும் எடுத்த படங்கள், சாந்துக் கலவை விவரம், மரம் மாற்றிய இடங்களின் குறிப்பு, மின்சாரச் சான்று, அனுமதிகள். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் என்றெல்லாம் எழுதிவைத்திருப்பவர் வேலையை அறிந்து செய்தவர். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொன்னபடி, புதிதாகச் சேர்த்தது முழுமையோடு இசைந்தும் கூர்ந்து பார்த்தால் புதிது என்று தெரியும்படியும் இருந்தால் இன்னும் நல்லது. படம் ஒன்றும் இல்லை, வேலை மட்டும் பிரமாதம் என்று சொல்லும் வீட்டை இரண்டாம் வகையிலேயே சேர்த்துவிடுங்கள்.

முகப்பு மட்டும் பழையதான வீட்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. புது வீடாக மதிப்பிட்டுப் பாருங்கள். பழமைக்கென்று தனி விலை கொடுக்காதீர்கள். பழைய முகப்பும் புதுச் சட்டகமும் வெவ்வேறு அளவில் அசைவதால் இரண்டும் சேரும் கோட்டில் விரிசலும் கசிவும் வரும். அந்தக் கோட்டை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

பணக்கணக்கு

மூன்றையும் ஒப்பிட விற்பனை விலையை வைத்துக்கொள்ளாதீர்கள். விலை, பதிவுச் செலவு, கட்டாய வேலை, வேலை முடியும் வரை வேறிடத்து வாடகை, கடன் வட்டி, எதிர்பாராச் செலவு ஆகியவற்றை ஒரே தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள். எதிர்பாராச் செலவுக்கு முடித்து வைத்த வீட்டில் வேலைத் தொகையின் 10 சதவீதம் போதும், கைபடாததற்கு 25, பூசி மெழுகியதற்கு 35 போடுவோம். எல்லாம் மூடியிருப்பதால் ஊகிக்க வேண்டியது அங்கேதான் அதிகம். குடியிருக்க லாயக்கில்லாத வீட்டுக்கு வங்கி கடனைத் தவணை தவணையாகத் தரலாம், மறுக்கவும் செய்யலாம்; முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஆளில்லாமல் பூட்டிய வீட்டுக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு முழுமையாகச் செல்லாமல் போவதும் உண்டு.

கைபடாததை வாங்கினால் வேலை வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கூரை, தாரை, மழைநீர்க் குழாய். அடுத்து வெளித்தரையை இறக்குவது, சிமெண்டு ஒட்டுகளைக் கையுளியால் எடுப்பது. கிரைண்டர் செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். சாந்து இடுக்கை அதன் அகலத்தைப்போல இருமடங்கு ஆழத்துக்காவது சுரண்டி, நனைத்து, அடைத்து, வேகமாகக் காயாதபடி ஈரச் சாக்கால் மூட வேண்டும். பிறகு ஒரு பருவம் சன்னலைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். பாதி ஓதம் தானாகவே போய்விடும், அதற்குப் போட்டிருந்த செலவும் மிச்சம். அதன்பின் உத்திரம், அதன்பின் வயரிங், குழாய், அதன்பின் பூச்சு, தரை. சமையலறை கடைசியில். அதை முதலில் முடித்தவர்கள், மேலே உத்திரம் மாற்ற அதையே பிரிக்க நேர்கிறது.

எந்த வகையானாலும் விலை பேசுமுன், ஐந்து இடங்களைத் திறந்து பார்க்க எழுத்துப்பூர்வமாக அனுமதி கேளுங்கள்: மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் உள்ள சுவர், அதற்கு நேரான உத்திர நுனி, கீழ்த்தளத்தில் ஒரு தரைப்பலகை அல்லது ஓடு, பொய்க்கூரையில் ஒரு பலகை, அண்டை வீட்டோடு சேரும் சுவரின் மூலை. திறந்ததைச் சரிசெய்து தரும் செலவு உங்களுடையது. விற்பவர் எந்த இடத்தைத் திறக்க மறுக்கிறாரோ, அந்த இடம் முழுப் பழுது என்று எழுதிக்கொண்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.